கடன் கட்ட முடியாமல் போனால்: மலையகத்தில் இருப்பவருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

கடனை இனிக் கட்டவே முடியாது என்ற நிலைக்கு வந்த ஒருவர், "என்னிடம் இருப்பது இவ்வளவுதான், இதை எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்து மிச்சத்திலிருந்து என்னை விடுவியுங்கள்" என்று மாவட்ட நீதிமன்றத்தில் கேட்க இலங்கையில் வழி இருக்கிறது. அதற்கான சட்டம் மிகப் பழையது: 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஊரில் இதை வங்குரோத்து வழக்கு என்பார்கள்.

ஆனால் தோட்டத்திலும் டவுனிலும் கடனில் சிக்கியிருக்கும் பெரும்பாலானவருக்கு இந்த மனு தேவைப்படாது. மரக்கறி வியாபாரம், லொறி, சில்லறைக் கடை என்று தொழில் செய்து, பல பக்கம் கடன் பெருகி, விற்கக் கொஞ்சம் சொத்தும் கையில் இருப்பவருக்குத்தான் அது பொருந்தும். கிழமை லோன் நாலு எடுத்துவிட்டுத் திணறும் ஓர் அக்காவுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. யாருக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடனைவிட, பயத்தில் போடும் கையெழுத்துதான் நம் ஆட்களை அதிகம் அழிக்கிறது. ஆகவே இதை வாசித்து முடிக்கும்வரை எந்தப் புதிய தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கடனை அடைக்கப் புதிய கடன் எடுக்காதீர்கள்.

முதல் வேலை: ஒரு கொப்பி

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். வீட்டில் எந்தப் பையில், எந்தத் தகரப் பெட்டியில் கடன் தாள்கள் கிடந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம். யாரிடம் வாங்கியது, எந்தத் திகதி, கையில் உண்மையில் கிடைத்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, கடைசியாகக் கட்டிய நாள் எது, என்ன ஈடு வைத்தோம், யார் பிணை. கைக்குக் கிடைத்த தொகையும் தாளில் எழுதிய தொகையும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஆவணக் கட்டணம், காப்புறுதி, முதல் தவணை என்று கழித்துக்கொண்டு கொடுத்திருப்பார்கள். அந்த வித்தியாசம் பிறகு பேசும்.

தாள் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களுக்கு 2023ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கடனின் முக்கிய விபரங்களை உங்களுக்கு விளங்கும் மொழியில் தருவது அவர்கள் கடமை. கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கடன்களை வகை பிரியுங்கள்.

நகையை அடகு வைத்தது, காணியை ஈடு வைத்தது, லீசிங்கில் எடுத்த ஆட்டோ ஆகியவை பொருளோடு கட்டுண்ட கடன்கள். கட்டாவிட்டால் அந்தப் பொருள் போகும். லீசிங் வண்டி சட்டப்படி நிறுவனத்துடையது. தவணை முடியும்வரை நீங்கள் வாடகைக்கு ஓட்டுபவர் மாதிரிதான். வங்குரோத்து மனு போட்டாலும் அடகுக் கடை நகையைச் சும்மா திருப்பித் தராது, லீசிங்காரர் வண்டியை விட்டுவிட மாட்டார். இந்தக் கடன்களிலிருந்து மனுவால் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஈடில்லாத கடன்கள் அடுத்த வகை. குழு லோன், கைமாற்று, கடைக் கொப்பி, கடன் அட்டை எல்லாம் இதில் வரும். மனு உண்மையில் உதவுவது இவற்றுக்குத்தான்.

மூன்றாவது வகை, நீங்கள் வாங்காத ஆனால் பிணை நின்ற கடன். அதையும் கொப்பியில் எழுத வேண்டும். பலர் இதை எழுத மறக்கிறார்கள்.

வட்டிக்காரரின் புரொமிசரி நோட்டு

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் அதிகம் ஏமாறும் இடம் இது. "தம்பி, அவசரம்தானே, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, மிச்சத்த நான் நிரப்பிக்கிறேன்" என்பார்கள். இரண்டு வெற்றுத் தாள், ஒரு முத்திரை ஒட்டிய நோட்டு, சில வேளை வங்கி அட்டையும் அதன் இரகசிய இலக்கமும் கைமாறும்.

1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் இதற்கு எதிராகத் தெளிவாக நிற்கிறது. கடனுக்குப் பிணையாக வாங்கும் நோட்டில் மூன்று விடயம் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்: உண்மையில் கொடுத்த அசல், முன்கூட்டியே கழித்த வட்டியும் கட்டணமும், வருட வட்டி வீதம். இவை இல்லாத நோட்டை வைத்துப் பணம் கேட்டு வழக்குப் போடுவது கஷ்டம். வெற்று நோட்டில் கையெழுத்து வாங்குவதும், கொடுத்ததைவிடக் கூடிய தொகையை எழுதி வாங்குவதும் குற்றம். வட்டி மிதமிஞ்சியது, பேரம் அநியாயமானது என்று கண்டால் முழுக் கணக்கையும் திறந்து பார்த்துத் திருத்தும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் ஒழுங்கான கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்றும் இதே சட்டம் சொல்கிறது.

இன்னொரு பழைய விதியும் இருக்கிறது. வட்டி பாக்கி அசலை மிஞ்சக் கூடாது. 50,000 ரூபாய் அசலுக்கு வட்டி பாக்கி மட்டும் 50,000க்கு மேல் என்று தனியார் வட்டிக்காரர் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. வங்கிகளுக்கு இதில் விதிவிலக்கு உண்டு, அதனால் எல்லாக் கடனுக்கும் இதைப் பொதுவாகப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

வெற்றுத் தாளில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர், எந்த நாளில், யார் முன்னிலையில், எவ்வளவு பணத்துக்காகப் போட்டார் என்பதை இன்றே கொப்பியில் எழுதிவிடட்டும். கூட இருந்தவரின் பெயரையும் எழுதட்டும். வழக்கு வரும்போது ஞாபகம் மங்கியிருக்கும்.

பொலிஸ் பிடிக்குமா, சிறைக்குப் போக வேண்டுமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல. பொலிஸுக்குக் கடன் வசூலிக்கும் அதிகாரம் கிடையாது. "நாளைக்குக் காலையில பொலிஸோட வருவேன்" என்று வசூல்காரர் சொன்னால் அது வெறும் மிரட்டல். வீட்டுக்குள் புகுந்து பொருளைத் தூக்குவது, இரவில் வாசலில் உட்கார்ந்து கத்துவது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லுவேன் என்று பயமுறுத்துவது எல்லாம் அவர்கள் மேல் நீங்கள் முறைப்பாடு செய்யக்கூடிய விடயங்கள். வங்கி, நிதி நிறுவனம், அனுமதிபெற்ற நுண்கடன் நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே காசோலை கொடுத்தால் அது குற்ற வழக்காகலாம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்பு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. "சும்மா பிணைக்குத்தான் செக்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். மரக்கறி மொத்த வியாபாரத்தில் பின்திகதியிட்ட காசோலை வழக்கமாகிவிட்டது, அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்.

இரண்டாவது, பொய்த் தாள் காட்டிக் கடன் எடுத்தால் அது மோசடி. அது வேறு கதை.

மூன்றாவது, பணத் தீர்ப்பு வந்த பிறகும் ஒருவர் வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுகிறார், சொத்தை மறைக்கிறார், நீதிமன்ற எல்லையை விட்டு ஓடப் பார்க்கிறார் என்று நீதிபதியை நம்பவைத்தால், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ் அவரைப் பிடித்து வைக்க உத்தரவு வாங்க முடியும். நிஜமாகவே இல்லாதவரைப் பழிவாங்க அல்ல அந்த ஏற்பாடு, ஒளிப்பவரைப் பிடிக்க. வங்குரோத்துச் சட்டம் பிறந்ததற்கும் இதுவே காரணம்: நேர்மையாக எல்லாவற்றையும் ஒப்படைத்தவருக்கு, விசாரணை முடியும்வரை கைதாகாமல் பாதுகாப்பு கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

நீதிமன்றத் தாள் வந்தால்

லயத்து வீட்டில் பிஸ்கால் (நீதிமன்றத் தாள்களைக் கொண்டுவரும் அலுவலர்) கொண்டுவந்து கொடுத்த நீண்ட உறை, சிங்களத்தில் அச்சடித்தது, யாருக்கும் வாசிக்கத் தெரியாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருக்கும். கிழமை இரண்டு போய், பெரியவர் ஒருவர் வந்து பார்க்கும்போது திகதி கடந்திருக்கும். இப்படித் தவறிய வழக்குகள் மலையகத்தில் ஏராளம்.

நிறுவனங்கள் 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு, மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றம் போகலாம். இந்த வழக்கின் விசேடம், முதலில் வருவதே தீர்ப்பு. டிக்ரி நைசை என்று சட்டத்தரணிகள் சொல்லும் நிபந்தனைத் தீர்ப்பு உங்கள் கைக்கு வரும். அதில் ஒரு திகதி இருக்கும். அன்று போய், ஏன் இதை இறுதியாக்கக் கூடாது என்று பேச முதலில் அனுமதி கேட்க வேண்டும். அனுமதிக்கு மூன்று வழி: கேட்ட தொகையை நீதிமன்றத்தில் கட்டுவது, நீதிபதி போதுமென்று கருதும் பிணை கொடுப்பது, அல்லது உண்மையிலேயே விசாரிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்று சத்தியக்கடதாசியில் காட்டுவது. மூன்றாவதுக்குத்தான் அந்தக் கொப்பி. கட்டிய பணம் கணக்கில் சேர்க்கப்படவில்லை, கையெழுத்து என்னுடையதல்ல, கொடுத்த தொகை வேறு என்பதெல்லாம் பற்றுச்சீட்டோடு காட்டினால் எடுபடும். அன்று போகாவிட்டால் தீர்ப்பு இறுதியாகும், அடுத்து வருவது பறிமுதல்.

ஆகவே உறை வந்த அன்றே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள், அந்தக் கிழமையே சட்டத்தரணியைப் பாருங்கள். பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அரச அமைப்பு. குறைந்த வருமானமுள்ளவருக்குக் கட்டணமின்றி உதவும், நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இருக்கும்.

நுவரெலியா, ஹட்டன், கண்டி, பதுளை நீதிமன்றங்களில் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கும். புரியாமல் தலையாட்டிவிட்டு வர வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி தமிழில் மனுத் தாக்கல் செய்யவும், மொழிபெயர்ப்பு கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. "ஐயா, எனக்குத் தமிழ்தான் விளங்கும்" என்று எழுந்து நின்று சொல்லுங்கள்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

தீர்ப்பு வந்துவிட்டால்கூட எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 218ஆம் பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள், உங்கள் மனைவி பிள்ளைகளின் தேவையான உடுப்பு, படுக்கை, தொழிலுக்கான கருவிகள், விவசாயியாக இருந்தால் பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் விவசாயக் கருவியும் மாடும் விதையும், தொழிலாளரின் கூலி ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் விழுந்து வரும் சம்பளத்தை வெளியிலிருந்து ஒரு வட்டிக்காரர் வந்து பிடித்துக்கொள்ள முடியாது. நீங்களே சம்மதித்துச் சம்பளத்தில் கழிக்கக் கொடுத்த கடன்கள் வேறு.

ஊழியர் சேமலாப நிதியும் அப்படியே. உங்கள் 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் சேர்ந்து அங்கே கிடக்கும் பணம் உங்கள் முதுமைக்கானது. அதைக் கடன்காரருக்கு எழுதிக் கொடுக்கவோ, அவர் பறிமுதல் செய்யவோ சட்டம் விடாது. அதன் பிணையில் வீட்டுக் கடன் எடுத்திருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வேறு. "ஈபிஎஃப் புத்தகத்தைக் கொடு, பணம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

லயத்து வீடு உங்கள் பேரில் இல்லாததால் உங்கள் கடனுக்கு யாரும் அதை ஏலம் போட முடியாது. ஏழு பேர்ச் காணியில் கட்டிய வீட்டுக்கு உறுதி கையில் இருந்தால் நிலைமை வேறு. உறுதியில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று சட்டத்தரணியிடம் காட்டிப் பாருங்கள். அதை ஈடு வைக்கும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து நாலு நாள் தள்ளிப் போட்டு யோசியுங்கள். தலைமுறை தலைமுறையாக நமக்குக் கிடைக்காதது அது.

காணியை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுத்தவருக்கு இன்னொன்று: 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் வங்கிகள் நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஏலம் போடலாம். பராட்டே என்று பேசப்படுவது இதுதான். அசல் 50 இலட்சம் ரூபாயைத் தாண்டாத கடனுக்கு இந்த வழியில் போக முடியாது.

கணவர் கடன், அப்பா கடன், பிணை நின்ற கடன்

மலையகத் தமிழருக்குத் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டம் பொருந்தாது, பொதுச் சட்டம்தான். மணமான பெண்ணின் சொத்து அவளுடையது. கணவர் எடுத்த கடனுக்கு மனைவி கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் அவள் கட்டத் தேவையில்லை. மறுபக்கமும் அப்படியே. மனைவியின் குழு லோனுக்காகக் கணவரைத் தொழிற்சாலை வாசலில் மறித்து நிற்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் அவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கேட்கலாம். எதுவும் விட்டுப்போகவில்லை என்றால் பிள்ளைகள் தம் சம்பளத்தில் கட்ட வேண்டியதில்லை. துக்க வீட்டில் மகனிடம் "நான் பொறுப்பேற்கிறேன்" என்று எழுதி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் அது புதிய கடன். கடன் எடுத்தபோது காப்புறுதிக்கென்று பணம் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கழித்திருந்தால் இறப்புச் சான்றிதழோடு நிறுவனத்துக்கு எழுத்தில் கேட்க வேண்டும்.

பிணையாளருக்கு நல்ல செய்தி குறைவு. முதலில் கடன் வாங்கியவரிடம் கேட்டுவிட்டு வா என்று சொல்லும் உரிமை நம் சட்டத்தில் உண்டு, ஆனால் நிறுவனங்கள் அச்சடித்து வைத்திருக்கும் பிணைத் தாளில் பெரும்பாலும் அந்த உரிமையைக் கைவிட்டதாக எழுதியிருக்கும். அதனால் நேராகப் பிணையாளரிடம் வரலாம். கடன் வாங்கியவர் வங்குரோத்து ஆனாலும் பிணையாளர் தப்ப மாட்டார். மனு போட நினைப்பவர் இதைத் தன் பிணையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மனிதத்தன்மை. வெளிநாடு போய்விட்டால் முடிந்தது என்று நினைப்பவருக்கும் இதே பதில். நீங்கள் போன பிறகு உங்கள் சித்தியின் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

பழைய கடன்

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் உள்ள கடனுக்கு 6 வருடம், ஈட்டு முறிக்கு 10 வருடம், எழுத்தில்லாத கைமாற்றுக்கு 3 வருடம், கடையில் கொப்பிக்கு வாங்கிய சாமானுக்கு 1 வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். இடையில் ஒரு தொகை கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கொடுத்தாலோ கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும். மறந்துபோன பழைய கடனுக்கு ஒருவர் திடீரென வந்து "நம்பிக்கைக்கு ஐந்நூறு மட்டும் கட்டுங்க" என்று இனிமையாகக் கேட்டால் காரணம் இருக்கும். சம்பளம் வராத மாதத்தில் அரிசி கொடுத்த கடைக்காரரின் பணத்தைச் சட்டம் காட்டி மறுப்பதை நான் சொல்ல மாட்டேன்.

மனுவுக்கு முன் பார்க்க வேண்டிய வழிகள்

முதலில் பேச்சு. வங்கியிலோ நிறுவனத்திலோ முகாமையாளருக்கு ஒரு கடிதம்: வருமானம் இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும், தவணையை நீட்டித் தாருங்கள், தண்ட வட்டியை நீக்கித் தாருங்கள். கட்டவே முடியாத தொகையைச் சொல்லாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். வசூலுக்கு வரும் தம்பியின் வாய்ப்பேச்சு யாரையும் கட்டுப்படுத்தாது.

சின்னத் தொகைத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, சட்டத்தரணி தேவையில்லை, செலவு மிகக் குறைவு. அழைப்பு வந்தால் போங்கள். ஆனால் சபையிலும் உங்களால் முடிந்ததற்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். சுற்றி நிற்பவர்களின் முகத்துக்காக மாதம் பத்தாயிரம் என்று தலையாட்டிவிட்டு இரண்டாம் மாதமே தவறுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காணியை ஈடு வைத்தவர், அல்லது "குறித்த காலத்துக்குள் பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவேன்" என்ற நிபந்தனையோடு காணியை எழுதிக் கொடுத்தவர் கடன் இணக்கச் சபைக்குப் போகலாம். 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், நீதி அமைச்சைச் சேர்ந்தது. மீட்கும் காலம் முடிந்த பிறகு போனால் பயனில்லை. கெடு முடிய மாதங்கள் இருக்கும்போதே போங்கள். அறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு, திருப்பித் தருவேன் என்பதை வாயால் மட்டும் வாங்கியிருந்தால் நிலைமை மிகக் கடினம், ஏனென்றால் 1840இலிருந்தே காணிப் பேச்சு நொத்தாரிசு எழுதியதாக இருக்க வேண்டும் என்பது நம் சட்டம். இருந்தாலும் கைவிட வேண்டாம். காணி விலைக்கும் வாங்கிய பணத்துக்கும் பெரிய வித்தியாசம், இன்னும் நீங்களே அங்கே குடியிருப்பது போன்றவற்றை வைத்து வாதாட இடம் உண்டு.

சரி, மனு போடத்தான் வேண்டும் என்றால்

குடியியல் வழக்கு செய்யும் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். இந்த வகை மனு அரிது, அதனால் இதற்கு முன் செய்திருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். கட்டணத்தையும் வர்த்தமானி, பத்திரிகை அறிவித்தல் செலவையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கொப்பியை முழுமையாக்குங்கள். எல்லாக் கடன்காரரின் பெயரும் முகவரியும், தொகையும், ஈடும். மாமாவிடம் வாங்கியதையும் சேர்க்க வேண்டும். சொத்துப் பட்டியலில் மனைவியின் காதில் கிடக்கும் தோடு உங்களுடையதா அவருடையதா என்பதுகூட வரும். கடன் எப்படி வந்தது என்பதைத் திகதியோடு எழுதுங்கள். இதில் சோம்பல் கூடாது. 2021இல் இரசாயன உரம் தடையாகி லீக்ஸும் உருளைக்கிழங்கும் படுத்தது, 2022இல் டீசல் இல்லாமல் லொறி நின்றது, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் பாத்தி போனது என்றால், அதற்குக் கிராம உத்தியோகத்தரின் கடிதம், படம், பழைய பில் என்று எது இருந்தாலும் இணையுங்கள். காரணம் கீழே வருகிறது.

மனுவும் சத்தியக்கடதாசியும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கலாகும். நீதிபதி ஏற்றால் உங்களைக் கடனிறுக்க வகையற்றவர் என்று தீர்ப்பார். அது வர்த்தமானியில் வரும். யாருக்கும் தெரியாமல் முடித்துவிட முடியுமா என்று கேட்பவருக்குப் பதில்: முடியாது. கடன்காரர் எல்லாருக்கும் தெரிவதுதான் இந்த வழியின் அடிப்படை. உங்கள் சொத்து, அவசியமான உடுப்பு, கருவி நீங்கலாக, ஒப்படைப்பாளர் ஒருவரின் பொறுப்புக்குப் போகும். அவர் விற்றுப் பங்கு பிரிப்பார். விடுதலைச் சான்றிதழ் கிடைக்கும்வரை உங்களுக்கு வாரிசாக வரும் சொத்துக்கூட அவரிடம் போகும். அப்பாவின் காணி விரைவில் பங்காக வர இருந்தால் இதை முன்பே யோசிக்க வேண்டும்.

பிறகு நீதிமன்றத்தில் அமர்வுகள். கடன்காரர்கள் தம் கடனை நிரூபிப்பார்கள். உங்களையும் சத்தியம் செய்யவைத்துக் கேள்வி கேட்பார்கள்: பணம் எங்கே போனது, வண்டியை யாருக்கு விற்றீர்கள், ஏன் அந்த மாதம் தம்பி பேருக்குக் காணியை மாற்றினீர்கள். ஒவ்வொரு திகதிக்கும் போக வேண்டும். மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கில் இழுக்கும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் இறுதியில் இணக்கச் சான்றிதழ். மேலே விடுதலைச் சான்றிதழ் என்றது இதைத்தான். அதில் மூன்று தரம் உண்டு. தவிர்க்க முடியாத நட்டத்தால், துரதிர்ஷ்டத்தால் விழுந்தவருக்கு முதல் தரம். ஓரளவு தன் பிழையும் சேர்ந்திருந்தால் இரண்டாம் தரம். அதற்கும் கீழே என்றால் மூன்றாம் தரம். உரத் தடைக்கும் மண்சரிவுக்கும் ஆதாரம் சேர்க்கச் சொன்னது இதனால்தான். சான்றிதழைத் தள்ளி வைக்கவும் மறுக்கவும் நீதிபதிக்கு முடியும். கணக்கை மறைத்தவர், சூதில் விட்டவர், மனுவுக்குச் சற்று முன் ஒரு கடன்காரருக்கு மட்டும் இரகசியமாகக் கட்டியவர் எல்லாரும் அங்கே சிக்குவார்கள். அப்படிக் கட்டியதும் மாற்றியதும் செல்லாமல் போகலாம். மைத்துனர் கடன்தானே, அதை மட்டும் முடித்துவிடுவோம் என்று தோன்றும். செய்யாதீர்கள்.

சான்றிதழ் கிடைத்தால், வங்குரோத்து ஆன நாளில் இருந்த, நிரூபிக்கக்கூடிய கடன்களிலிருந்து விடுதலை. ஈடு வைத்த பொருள் மீதான உரிமை தொடரும். மனைவி பிள்ளைக்கான தாபரிப்புக் கட்டளையும் நீதிமன்றத் தண்டப் பணமும் இதோடு போகாது.

வேலை போகுமா என்றும் கேட்பார்கள். கொழுந்து பறிப்பவருக்கோ சாரதிக்கோ இதனால் வேலை தானாகப் போகாது. விடுதலை பெறாத வங்குரோத்தாளர் கம்பனிப் பணிப்பாளராக இருக்க முடியாது, பாராளுமன்றத் தேர்தலில் நிற்க முடியாது.

சான்றிதழுக்குப் பிறகு

நீதிமன்றப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பிரதிகள் சில வாங்கி, ஒன்றை வீட்டில், ஒன்றை சட்டத்தரணியிடம் வையுங்கள். பழைய கடனுக்கு யாராவது வந்தால் பிரதியைக் காட்டலாம், மூலத்தைக் கையில் கொடுக்காதீர்கள். மனுவே போடாமல் பேசித் தீர்த்தவரும், கடைசித் தவணை கட்டியதும் "பாக்கி இல்லை" என்ற கடிதத்தையும், கொடுத்திருந்த நோட்டு, காசோலை, உறுதி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிவிட வேண்டும். ஈட்டு முறியென்றால் காணிப் பதிவகத்திலும் அதை நீக்கிப் பதிய வேண்டும்.

அப்புறம் கிரிப். கடன் தகவல் பணியகத்தின் பட்டியலில் பெயர் விழுந்தால் வாழ்நாள் முழுக்கக் கடன் கிடையாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்தப் பணியகம் யாருக்கும் கடன் கொடுக்கச் சொல்வதுமில்லை, மறுக்கச் சொல்வதுமில்லை. வங்கிகள் கொடுத்த தகவலைச் சேர்த்து வைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். முடிந்துபோன கடன் இன்னும் பாக்கி என்று அதில் நின்றால், "பாக்கி இல்லை" கடிதத்தின் பிரதியோடு, தகவல் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துத் திருத்தச் சொல்லுங்கள்.